நாலு மணிக்கு மேல்

அலுவலகத்தில் அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சோடாபுட்டி. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? இருபத்திரண்டு வருஷம் ஊரான் கடைக் கணக்கை வரிவரியாகப் பார்த்தால் கண்ணாடி பின்னே எப்படி இருக்குமாம்?

வயது ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. அலுவலகமோ மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை என்று சொன்னால் பாவம், இருக்கிறது. மாதத்தில் பத்து நாள் அதன் கதவில் 'பழுது' என்ற அட்டை தொங்கும். அந்த நாட்களில் லிஃப்ட் போட்டவனையும் கட்டடத்துக்காரனையும் படிக்கு ஒரு வார்த்தையாக வைதுகொண்டே ஏறுவாள். மேலே போய்ச் சேரும்போது வைவதற்கு மூச்சு இருக்காது.

அது சின்னக் கடைக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி. கடன் கேட்கிறவர்கள் தங்கள் பேங்க் கணக்கைப் பார்க்கப் போனிலேயே சம்மதம் கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு மாத வரவு செலவு, மணி நிமிஷத்தோடு வந்து விழும். முதலில் அதைக் கம்ப்யூட்டர் படிக்கும். படித்துவிட்டு ஒரு கலர் காட்டும். பச்சை என்றால் பணம். சிவப்பு என்றால் போய்விட்டு ஆறு மாதம் கழித்து வா. இரண்டிலும் சேராத மஞ்சள் மட்டும் சோடாபுட்டியின் மேஜைக்கு வரும். அவள் பார்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுவாள். அந்தக் குறிப்பைப் பொறுத்து மஞ்சள் பச்சையாகும், இல்லை சிவப்பாகும்.

சும்மா சொல்லக்கூடாது, எமகாதகி. ஒரு தையற்கடையில் மூன்று வாரம் வரவே இல்லை. அதே மூன்று வாரம் மருந்துக்கடைக்குத் தினமும் பணம் போயிருக்கிறது. நாலாவது வாரம் நூலும் பட்டனும் வாங்கியிருக்கிறார்கள். 'வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியிருக்கிறது. வேலைக்குத் திரும்பிவிட்டார். கொடுக்கலாம்' என்று எழுதுவாள். போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். ஆம், போயும் பார்ப்பாள். எழுதுவதற்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வருவது அவள் வழக்கம். அதற்கான பஸ் செலவைக் கம்பெனி மூன்று வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டது. அதன் பிறகும் கைக்காசு போட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தாள். இந்த ஒரு வருஷமாகத்தான் நாலுக்கு ஒன்று போகாமல் விட்டுப்போகிறது. கால் வந்தால்தானே ஆள் வருவதற்கு?

அப்படிப் போகாமல் விட்ட ஒன்றுதான் லாண்டரிக் கடை.

நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் பேரில் பதினாறு வருஷமாக நடக்கிற கடை. இரண்டாவதாக ஒரு பெரிய வாஷிங் மெஷின் வாங்கக் கடன் கேட்டிருந்தாள். நாற்பது அறை உள்ள ஒரு விடுதி தன் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அவளிடமே போடுவதாகச் சொல்லியிருந்தது. ஒரு மெஷினை வைத்துக்கொண்டு அத்தனையும் துவைக்க முடியாது.

கேட்டது நியாயம்தான், ஆனால் கணக்கு கைகொடுக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை வரைக்கும் காலையிலிருந்து இரவு ஒன்பது வரை சளசளவென்று வரவு. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு மாலை நாலு மணி ஆனதும் கத்தரித்த மாதிரி நின்றுவிடுகிறது. நாலுக்கு மேல் ஒரு சல்லிக்காசு கிடையாது. போதாக்குறைக்கு, சனிக்கிழமை தவறாமல் ஒரே ஆளிடமிருந்து ஒரு தொகை வந்திருக்கிறது. சரிதான், வாராவாரம் கைமாற்று வாங்கித்தான் காலம் தள்ளுகிறாள் என்று நினைத்தாள் சோடாபுட்டி.

அன்றைக்கு லிஃப்ட் பழுது. முழங்கால் இரண்டும் பொம்மென்று வீங்கியிருந்தன. லாண்டரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். 'போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, பட்டப்பகல் மாதிரித் தெரிகிறதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினாள்: 'மாலை நான்கு மணிக்குமேல் வியாபாரம் இல்லை. வருமானம் பாதியாகிவிட்டது. வாராவாரம் கைமாற்று வாங்குகிறார். கடன் தாங்காது.' அதோடு மஞ்சள் சிவப்பாகிவிட்டது.

நாலாம் நாள், அந்த லாண்டரிக்காரம்மாவே மூன்று மாடி ஏறி வந்து நின்றாள். கையில் கம்பெனி அனுப்பிய கடிதம். கைவிரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"யாரு இதை எழுதினது?"

"நான்தாம்மா."

"நீங்க எங்க கடையைப் பார்த்தீங்களா மேடம்?"

"கணக்கைப் பார்த்தேன்."

"ஒம்பது மணி வரைக்கும் ஒத்தைக் கால்ல நிக்கிறேன். நாலு மணிக்கே கடையை மூடிட்டுப் போய்ப் படுத்துக்கறேன்னு எழுதியிருக்கீங்க. மனசறிஞ்சு எழுதினீங்களா இதை?"

சோடாபுட்டிக்குச் சுருக்கென்றது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "சரிம்மா, ஒம்பது வரைக்கும் நிக்கிறீங்க. அப்ப நாலு மணிக்கு மேல வர்ற காசு எங்க போகுது?"

லாண்டரிக்காரம்மா கடிதத்தை நாலாக மடித்தாள். "அது வேற விஷயம். விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடச் சோடாபுட்டி அன்றிரவு தூங்கியிருப்பாள்.

வீட்டில் அவளுக்கு அக்கா ஒருத்தி. இரண்டு பேருமாக இரண்டு அறை வீட்டில் காலம் தள்ளுகிறார்கள். தினமும் தங்கை செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எத்தனை பேரு குடியைக் கெடுத்துட்டு வந்தே?" என்று கேட்பது அக்காவின் வாடிக்கை. வெறும் கேலிதான். அன்றைக்கு மட்டும் தங்கை, "ஒண்ணு" என்றாள். அக்கா வெந்நீர்ப் பையை எடுத்து வந்து கொடுத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கே அலுவலகத்திலிருந்து கிளம்பினாள். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காதென்று காலையிலேயே அக்காவின் படுக்கை விரிப்புகள் இரண்டைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தாள். இரண்டு பஸ் மாறிப் போனாள்.

கடை, பத்துக்குப் பன்னிரண்டு அறை. முன்னால் ஒரு மேடை, பின்னால் வாஷிங் மெஷின், சுவரோரம் இஸ்திரி மேஜை. மூலையிலிருந்து ஓர் இரும்புப் படிக்கட்டு மேல் அறைக்குப் போயிற்று. லாண்டரிக்காரம்மா அவளைப் பார்த்து முகத்தைச் சுளிக்கவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். விரிப்புகளை வாங்கி எண்ணிச் சீட்டு எழுதினாள்.

நாலு அடித்தது. மேடைமேல் இருந்த ஸ்கேன் அட்டையை எடுத்து டிராயரில் போட்டாள். அதிலிருந்தே இன்னோர் அட்டையை எடுத்து அந்த இடத்தில் நிறுத்தினாள். அண்ணாந்து, "நாலாச்சு!" என்று கத்தினாள்.

மேலேயிருந்து ஓர் ஆண்குரல், கொஞ்சம் குழறலாக, "தொறந்தாச்சு!" என்றது.

சோடாபுட்டிக்கு மூக்கு வியர்த்தது.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் வந்தார், சட்டைகளை வாங்கினார், அட்டையில் போனைக் காட்டினார். மேலே ஒரு போன், பெண்குரலில் 'முப்பது வரவு' என்று அறிவித்தது. கூடவே அந்த ஆண்குரல்: "யாரு, மூணு சட்டையா?"

"ஆமா, மூணு சட்டை."

"காலர் மடிப்பு நல்லா விழுந்திருக்கான்னு பாத்துக் குடு. பேரைக் கெடுத்துடாதே."

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றாள் இவள். பிறகு ஸ்டூலின் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர். லாரி ஓட்டினவர். தெருவுல இன்னமும் டிரைவர்னுதான் கூப்பிடுவாங்க. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு."

சோடாபுட்டி ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சனிக்கிழமை ஆனா வீட்டுச் செலவுக்குன்னு என் கையில வச்சிடுவார் மேடம். லாரியில எங்க போயிருந்தாலும் யார் மூலமாவது வந்து சேர்ந்துடும். கை விழுந்தப்புறம் சனிக்கிழமை வந்தா போர்வையை இழுத்து மூடிக்குவார். தொண்டைக்குள்ள ஒரு வாய் இறங்காது. நாலு மாசம் சுவத்தைப் பாத்தே படுத்திருந்தார். ஆளே போயிடுவார்னு பயந்துட்டேன். அதான் ஒரு நாள், 'என்னால தனியா முடியல, நாலு மணிக்கு மேல கடை உங்களுது, நீங்க பாத்துக்கங்க, வர்ற காசும் உங்களுது'ன்னு சொன்னேன். மறுநாளே பேங்க்காரனை வரவச்சு அவர் பேர்ல இந்த அட்டையை வாங்கிட்டேன்."

"சனிக்கிழமை உங்க கணக்குல வர்ற பணம்..."

"அவர் அனுப்பறது. இடது கையாலயே அமுக்கி அனுப்பிடுவார். செலவுக்கு."

கைமாற்று என்று எழுதினாளே, அந்த விரலை உடைத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது சோடாபுட்டிக்கு. இரண்டு பஸ்ஸுக்கும் ஒரு முழங்கால் வலிக்கும் சோம்பி, உள்ளே நுழைந்தால் கால்மணி நேரத்தில் தெரிந்திருக்கக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறாள். அதையே வாய்விட்டுச் சொன்னாள். "என் தப்பும்மா. நான் வந்து பார்த்திருக்கணும்."

"போகட்டும் மேடம்."

"மெஷின் வராட்டி என்ன ஆகும்?"

"அடுத்த மாசம் வாடகை ஏறுது. லாட்ஜ் வேலையை நம்பித்தான் சரின்னு தலையாட்டினேன். அது இல்லேன்னா ரெண்டு மாசம் இழுக்கலாம். அப்புறம் கடையைக் காலி பண்ண வேண்டியதுதான்."

"நாளைக்கே ரெண்டு கணக்கையும் சேர்த்துக் காட்டலாமே."

லாண்டரிக்காரம்மா சட்டென்று மேலே பார்த்தாள். "வேணாம். அதுக்கு அவர் சம்மதம் குடுக்கணும். தன் அட்டையாலதான் லோன் போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா, அப்பவே அதைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பிடுவார். கடை போனா போகட்டும். எங்கேயாவது கூலிக்குத் துவைச்சுக்கறேன்."

ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது.

அலுவலகத்தில் மேனேஜர் முப்பது வயதுப் பையன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அவளைக் கண்டால் எழுந்து நிற்பான், அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டான்.

"தம்பி, லாண்டரி குறிப்பு தப்பு. நான் போகாம எழுதிட்டேன். மாத்தணும்."

"மேடம், சிவப்பு விழுந்துட்டா ஆறு மாசத்துக்கு அந்தப் பேரை சிஸ்டம் திறக்கவே விடாது. நான் என்ன பண்ணட்டும்?"

"தப்பு பண்ணினது நான். தண்டனை அவளுக்கா? இது என்ன சிஸ்டம், கட்டையில போற சிஸ்டம்!"

"அவங்க பேர்ல முடியாது மேடம்" என்றான் அவன், பரிதாபமாக.

திட்டிக்கொண்டே வந்து தன் நாற்காலியில் விழுந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அவங்க பேர்ல முடியாது. சரி, அவர் பேரில்?

அன்றே லாண்டரிக்குப் போன் போட்டாள். வீட்டுக்காரர் பேரிலேயே கடன் கேட்கலாம் என்று விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள், "அவர் பேர்லயா? ஐயோ, அக்கா!" என்று ஒரு கூவல் கேட்டது. மேடம் எப்போது அக்காவானாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. "பொய்யா சொல்லப்போறோம்? நாலு மணிக்கு மேல அவர் கடைதானே! வியாபாரம் நல்லா நடக்குதுன்னு உங்களைத் தேடி கம்பெனிக்காரங்க வந்திருக்காங்கன்னு சொல்றேன். குதிப்பார் மனுஷன், கால் இருந்தா!"

மாலையே டிரைவர் இடது கட்டைவிரலால் சம்மதம் கொடுத்தார். மறுநாள் அவருடைய கணக்கு வந்து விழுந்தது. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். வாடகை கிடையாது, மின்சாரம் கிடையாது, சோப்புச் செலவு கிடையாது. அதெல்லாம் காலைக் கணக்கில் போகிறதே! கடன் கிடையாது. சனிக்கிழமை தோறும் குடும்பத்துக்குப் பணம். இப்படி ஒரு உத்தமனைக் கம்ப்யூட்டர் இதுவரை பார்த்திருக்காது. ஒரு நிமிஷத்தில் பச்சை காட்டியது.

பச்சைக்குக் குறிப்பு தேவையில்லை. ஆனாலும் சோடாபுட்டி எழுதினாள். ஒரே கடை, ஒரே மெஷின், இரண்டு கணக்கு; காலைக் கணக்கைப் பற்றி நான் எழுதியது தவறு; கடையைப் பார்க்காமல் எழுதினேன்; இரண்டையும் சேர்த்தால் இந்தக் கடனைத் தாங்கும். கீழே கையெழுத்துப் போட்டு மேனேஜர் தம்பியின் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு தடவை படித்தான். "பச்சைல குறிப்பை யாரும் படிக்க மாட்டாங்க மேடம்" என்றான். "நீ படிச்சேல்ல?" என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டான்.

இனி இரண்டு வேலைதான் பாக்கி. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பாள். அதன் பிறகு படிவத்தை நிரப்பிக் கைநாட்டு வாங்க வேண்டும். இரண்டுக்குமாக மறுநாள் காலை பதினோரு மணிக்கு லாண்டரிக்குப் போனாள். இரும்புப் படிக்கட்டில் பன்னிரண்டு படி. லாண்டரிக்காரம்மா பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள, ஒவ்வொன்றாக ஏறினாள்.

டிரைவர் ஷேவ் பண்ணிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. "வாங்க வாங்க. ஏய், மேடத்துக்கு ஃபேனைத் திருப்பி விடு" என்றார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் முகத்தில் அப்படி ஒரு களை. சோடாபுட்டிக்கே நெஞ்சு நிறைந்தது. எத்தனை வருஷமாயிற்று, தன் வேலையால் ஒரு முகம் இப்படி மலர்ந்து பார்த்து!

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். லாண்டரிக்காரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"சார், உங்க தொழில் என்ன?"

"லாண்டரி. சொந்தக் கடை."

"எத்தனை மாசமா நடத்துறீங்க?"

"ஏழு முடிஞ்சு எட்டு நடக்குது. ஒரு நாள் மூடினதில்லைம்மா."

"புது மெஷின் வந்தா வேலை அதிகமாகுமே சார், சமாளிச்சுக்குவீங்களா?"

"லாரியே ஓட்டினவன். இது என்ன பிரமாதம்!"

அந்தப் பெண் சிரித்தாள். "கடையில உங்களைத் தவிர வேற யாராவது இருக்காங்களா?"

டிரைவர் வாசற்படியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் கபடம் ஒன்றும் இல்லை, அவ்வளவும் பிரியம். "என் சம்சாரம் இருக்கா. கூடமாட ஒத்தாசைக்கு."

"அவங்களுக்கு இந்த வேலையில அனுபவம் உண்டா சார்?"

"ஏதோ, சொல்லிக் குடுத்தா செய்வா."

லாண்டரிக்காரம்மா புடவையில் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

போனை வைத்ததும், "சரியா சொன்னேனா?" என்று கேட்டார் டிரைவர், குழந்தை மாதிரி. "நல்லா சொன்னீங்க" என்றாள் லாண்டரிக்காரம்மா. சோடாபுட்டி நீட்டிய தாளில் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து அவரே அழுத்தினார். அவர் மனைவி அந்த விரலைப் பிடித்து நிதானமாகத் துடைத்துவிட்டாள்.

கீழே வந்ததும் லாண்டரிக்காரம்மா இஸ்திரி மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"பதினாறு வருஷம்க்கா. அவர் லாரியில போனப்ப கைக்குழந்தையை மெஷின்மேல படுக்க வச்சுத் துவைச்சிருக்கேன். சிரிப்பு வருது, அழுகையும் வருது. எதை முதல்ல செய்யறதுன்னு தெரியல."

"நான் மேல போய் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"நீங்க வேற. பதினொரு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் தானா ஷேவ் பண்ணிக்கிட்டார்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா கோவமா வருதுக்கா. யார் மேலன்னுதான் தெரியல. மெஷின் வந்துடும்ல?"

"மூணு நாள்ல பணம் வந்துடும்."

"அது போதும்."

சோடாபுட்டி ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள். உரிமையாளர் என்ற இடத்தில் டிரைவரின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கீழே, 'கடையில் வேலை செய்வோர்' என்று ஒரு கட்டம். பேனாவை அதன்மேல் பிடித்தபடியே இருந்தாள். ஆறு மாதம் போனால் சிவப்பு கழன்றுவிடும், அப்போது இவள் பேரில் தனியாக எழுதலாம் என்று சொல்ல நினைத்தாள். ஆறு மாதத்தில் தனக்கே அலுவலக மாடிப்படி ஏற முடியுமா என்று தெரியவில்லை. 'உதவியாளர், ஒருவர்' என்று எழுதினாள்.

லாண்டரிக்காரம்மா குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"பக்கத்துல சம்பளம்னு ஒரு கட்டம் இருக்கே. அதை விட்டுட்டீங்க?"

"அதை விடக்கூடாது. ஏதாவது எழுதியாகணும்."

"என்னன்னு எழுதுவீங்க?"

சோடாபுட்டி பேனாவை அந்தக் கட்டத்துக்கு நகர்த்தினாள். வாசலில் யாரோ துணி மூட்டையோடு வந்து நின்றார்கள்.

"இல்லைன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு லாண்டரிக்காரம்மா மூட்டையை வாங்கப் போனாள்.